பார்க் சிட்டி: வெள்ளி தீர்ந்த மலையில் ஐந்து நாள்

முதல் நாள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்று காலை பார்க் சிட்டிக்குக் கிளம்பினோம். தம்பி, அவன் மகள், நான். அவளுக்குப் பதினாறு வயது, பள்ளி விடுமுறை. ஐந்து நாளும் பனிச்சறுக்குதான் என்று முடிவு செய்துவிட்டாள். எனக்குச் சறுக்கத் தெரியாது. நான் வந்தது வேறு ஒன்றைப் பார்க்க.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். தாத்தாவுக்கு அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. அப்பாவும் அங்கேயேதான், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடும் வரைக்கும். அதற்கப்புறம் அந்த ஊர் என்ன ஆனது என்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், கூரை ஒழுகும் லைன் வீடுகள், தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த, காற்றடித்தால் பறக்கும் சயனைடு மேட்டு மண். அதனால் தம்பி ஒருநாள் போனில், "அக்கா, இங்க பக்கத்துல ஒரு ஊர் இருக்கு. நம்ம ஊர் மாதிரியே மைன்ஸ் ஊர். மூடினப்புறம் ஸ்கீ ரிசார்ட் ஆயிடுச்சு" என்று சொன்னதிலிருந்தே வரவேண்டும் என்று இருந்தேன்.

சால்ட் லேக்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பார்லீஸ் பள்ளத்தாக்கு வழியாகச் சாலை ஏறிக்கொண்டே போகிறது. வழியெல்லாம் நல்ல வெயில், மலை உச்சிகளில் மட்டும் வெள்ளை. கணவாயைத் தாண்டியதும் எல்லாமே வெள்ளை. பார்க் சிட்டி சுமார் 7,000 அடி உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியைப் போல விரிந்து கிடக்கவில்லை. இரண்டு மலைச் சரிவுகளுக்கு நடுவே, ஒரு சந்துக்குள் திணித்து வைத்தது போல இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீட் நேர் மேடு. இரண்டு பக்கமும் மரத்திலும் செங்கல்லிலும் கட்டிய இரண்டு மாடிக் கடைகள். அதற்கு மேலே சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த மாதிரி சின்னச் சின்ன மர வீடுகள்.

அந்த வீடுகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளி வீடு எந்த நாட்டிலும் ஒரே அளவுதான். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே இரண்டு மூன்று அறை. இப்போது அதே வீடுகள் நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் பல கோடி ரூபாய் விலை என்று தம்பி சொன்னான்.

சாயங்காலம் மெயின் ஸ்ட்ரீட்டின் கீழ் முனையில் நின்றோம். அங்கே ஊருக்குள்ளேயே ஒரு லிஃப்ட், வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றுவது. மலையிலிருந்து சறுக்கி வருகிறவர்கள் நேராகக் கடைத்தெருவில் வந்து நிற்கிறார்கள். அந்த லிஃப்ட் கம்பங்களை ஒட்டியே வேறு சில உயரமான பழைய கோபுரங்கள் மலையேறிப் போயின. சில்வர் கிங் சுரங்கம் 1901ல் போட்ட கம்பிவடப் பாதை. அதில் தாது நிறைந்த வாளிகள் மலையிலிருந்து ரயிலடிக்கு இறங்கி வரும். இன்று பக்கத்து வடத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு மேலே போகிறார்கள். இரண்டு வடங்களுக்கும் நடுவே ஒரு வீட்டு அகலம்தான் இருக்கும். இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள்

தம்பியும் மகளும் விடிந்ததும் மலைக்குப் போய்விட்டார்கள். நான் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மெயின் ஸ்ட்ரீட்டில், பழைய நகர மன்றக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனவள், மூன்றரை மணிக்குத்தான் வெளியே வந்தேன்.

கதை 1860களில் தொடங்குகிறது. யூட்டா அப்போது மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நாடு. அவர்களுடைய தலைவர் பிரிகாம் யங்குக்குச் சுரங்க வேலை பிடிக்காது. உழுது பிழையுங்கள், வெள்ளியைத் தேடி அலையாதீர்கள் என்பது அவர் கொள்கை. சால்ட் லேக்குக்கு மேலே முகாம் போட்டிருந்த அமெரிக்கப் படையின் தளபதி பேட்ரிக் கானருக்கு நேர் எதிரான எண்ணம். சுரங்கம் வந்தால் மார்மன் அல்லாத கூட்டம் வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். தன் சிப்பாய்களையே மலைகளில் தாது தேட அனுப்பினார். இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளி தெரிந்தது அப்படித்தான். யூட்டா நடுவே இருந்தும் இந்த ஊர் ஐரிஷ் கத்தோலிக்கர், கார்ன்வால்காரர், ஸ்வீடன்காரர், சீனர் என்று கலந்த ஊரானதற்குக் காரணம் இதுதான். மதுவை விலக்கும் மார்மன்கள் நடுவே சாராயக் கடைகள் வந்ததும் அதனால்தான்.

1872ல் ஒன்டாரியோ என்ற சுரங்கம். பாறையில் குமிழ் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தாதுவைப் பார்த்துத் தோண்டினார்களாம். அதை ஜார்ஜ் ஹெர்ஸ்ட் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து 27,000 டாலருக்கு வாங்கினார். அந்த ஒரு சுரங்கத்திலிருந்து சுமார் 5 கோடி டாலர் மதிப்புக்கு வெள்ளி எடுத்தார்கள். பின்னாளில் பத்திரிகைச் சாம்ராஜ்யம் கட்டிய வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் இவருடைய மகன். அந்தக் குடும்பச் சொத்தில் இந்த மலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்டாரியோவின் முதல் எதிரி தண்ணீர். நூறு அடி தோண்டினால் நூறு அடிக்கும் ஊற்று. இறைத்து மாளாது. 1880களின் தொடக்கத்தில் ஒரு கார்னிஷ் பம்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் சக்கரம் மட்டும் 30 அடி விட்டம். படத்தில் அந்தச் சக்கரத்தின் கீழே நிற்கிற ஆட்கள் எறும்பு போல இருக்கிறார்கள். கார்னிஷ் என்ற பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தகரச் சுரங்கங்கள் நொடித்தபோது அங்கிருந்த சுரங்கக்காரர்கள் உலகம் முழுக்கப் பிழைக்கப் போனார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் கோலாருக்கு வந்தபோது கூடவே வந்தவர்களும் அவர்கள்தான். தாத்தா "தொரை" என்று சொன்ன மேஸ்திரிகளின் அண்ணன் தம்பிகள் யாராவது இந்தப் படத்தில் நிற்கக்கூடும். ஒருவேளைதான், ஆனாலும் அந்தப் படத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

பம்ப் மட்டும் போதவில்லை. 1888ல் தொடங்கி 1894 வரை, மலையின் அடியில் ஏறக்குறைய மூன்று மைலுக்கு ஒரு வடிகால் சுரங்கப்பாதை குடைந்தார்கள். தண்ணீர் தானாகவே மறுபக்கம் போய் விழும்படி. இந்தத் தண்ணீர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

1893ல் அமெரிக்க அரசு வெள்ளி கொள்முதலை நிறுத்தியதும் விலை தரைதட்டி, மேற்கில் பல ஊர்கள் படுத்துவிட்டன. பார்க் சிட்டியில் வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் கலந்து கிடைத்ததால் தாக்குப்பிடித்தது. அப்புறம் 1898 ஜூன் 19, ஞாயிறு விடியற்காலை, ஒரு ஹோட்டலில் தீ. சந்து போன்ற பள்ளத்தாக்கு அல்லவா, அடுப்புக்குழாய் மாதிரி காற்றை இழுத்திருக்கிறது. சுமார் 200 கட்டடங்கள், ஊரில் முக்கால் பங்கு, சில மணி நேரத்தில் சாம்பல். சுரங்கங்கள் மேலே மலையில் இருந்ததால் தப்பின. வேலை இருந்தது, கூலி இருந்தது, அதனால் ஒன்றரை வருடத்தில் ஊரைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். இன்று மெயின் ஸ்ட்ரீட்டில் நாம் பார்க்கிற முகப்புகள் பெரும்பாலும் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை.

எரிந்தவற்றில் சீனர் தெருவும் ஒன்று. மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் சீனர்கள் குடியிருந்தார்கள். சலவை, சமையல் வேலை. மேட்டில் குடியிருந்தவர்கள் அந்தத் தெருவில் கால் வைக்காமல் கடக்க வேண்டும் என்பதற்காகவே அதன் தலைக்கு மேலே ஒரு மரப்பாலம் போட்டிருந்தார்கள். சைனா பிரிட்ஜ் என்று பெயர். இப்போது அந்த இடத்தில் பல மாடிக் கார் நிறுத்துமிடம், அதற்கும் அதே பெயர். நேற்று எங்கள் காரை நிறுத்தியது அங்கேதான். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஏதோ அழகுக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன்.

கீழ்த்தளத்தில் பழைய சிறை. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு அறைச் சுவரில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிலாளர் சங்கத்தின் சின்னம் வரைந்திருக்கிறது. பிடிபட்டு உள்ளே கிடந்த யாரோ ஒரு சங்கத்துக்காரர் வரைந்தது. நூறு வருடம் தாண்டியும் அழியவில்லை.

சிறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் பெட்டி இருந்தது. அதைப் பற்றி நாளை மறுநாள் எழுதுகிறேன். அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும்.

மூன்றாம் நாள்

ராத்திரி தலைவலி, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் சுக்குக் காபி போட்டுக் குடித்த பிறகு சரியாயிற்று. தம்பி இன்று சறுக்கப் போகாமல் என்னோடு வந்தான். டீர் வேலி என்ற இன்னொரு ரிசார்ட் பக்கமாக மேலே ஏறி எம்பயர் கணவாய்க்குப் போனோம். உச்சியில் பெரிய சொகுசு ஹோட்டல் ஒன்று, அதன் அருகே டேலி வெஸ்ட் சுரங்கத்தின் இரும்புச் சட்டகம் நிற்கிறது. ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாய்க்கு மேலே, ஆட்கள் போய்வரும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் சக்கரம் பொருத்துவார்களே, அந்தச் சட்டகம். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும் உருவம் அது. ஹோட்டல் வாசலில் சறுக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நடுவே அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

இதே இடத்தில் 1902 ஜூலை 15 இரவு, 1,200 அடி ஆழத்தில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. வெடியில் செத்தவர்களைவிட நச்சுப்புகையில் செத்தவர்கள்தான் அதிகம். டேலி வெஸ்ட்டையும் ஒன்டாரியோவையும் இணைக்கும் பாதை வழியாகப் புகை பக்கத்துச் சுரங்கத்துக்கும் போய்விட்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு வெடித்ததே தெரிந்திருக்காது. காப்பாற்ற இறங்கியவர்களிலும் சிலர் திரும்பவில்லை. மொத்தம் 34 பேர்.

எங்கள் ஊரில் ராத்திரியில் சங்கு நேரம் கெட்டு ஊதினால், பெண்கள் எல்லோரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்று பாட்டி சொல்வார். கேஜ் மேலே வரும்போது முதலில் யார் முகம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்களாம். அந்த இரவு இந்த மேட்டிலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

இந்தச் சட்டகம் 2015ல் கீழே விழுந்துவிட்டது. மூடிய ஷாஃப்டைச் சுற்றி மண் உள்வாங்கியதில் சாய்ந்தது. ஏழு வருடம் அப்படியே கிடந்ததை 2022ல் பழுது பார்த்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பாதுகாப்புக் குழு இதற்கென்றே வேலை செய்கிறது. மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் சுரங்கக் கட்டடங்களை, பனியின் பாரத்தில் நசுங்கிப் போகாமல், ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். பணம் திரட்டி, வருடத்துக்கு ஒன்று இரண்டு என்று. இதைக் கேட்டபோது உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. எங்கள் ஊர் ஷாஃப்டுகளில் இரும்பு துருப்பிடித்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இறங்கி வரும் வழியில் சிட்டி பார்க்கில் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனையைப் பார்த்தோம். 1904ல் தொழிற்சங்கம் முன்னின்று கட்டியது. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், நிமிர்ந்த அழகான கட்டடம். அதுவரை அடிபட்டவர்களைச் சால்ட் லேக் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அடியைவிட மோசமானது தூசி. துளைபோடும் இயந்திரம் வந்த பிறகு பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். தாத்தாவுக்கும் அதே இருமல். 1979ல் இந்தக் கட்டடத்தை முழுசாகப் பெயர்த்து இந்தப் பூங்காவுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். கொஞ்ச காலம் ஊர் நூலகமாக இருந்தது, இப்போது சமூகக் கூடம்.

க்ளென்வுட் கல்லறைக்கும் போனோம். பனி முழங்காலுக்கு மேல். கற்களின் தலை மட்டும் தெரிந்தது. சிலவற்றில் பனியைத் துடைத்துப் பெயரைப் படித்தேன், அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள்

இன்றுதான் நான் ஆவலாகக் காத்திருந்த நாள். முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1930களின் மந்தத்தில் சரிந்த உலோக விலை, போர்க்காலத்தில் கொஞ்சம் எழுந்து, பிறகு மறுபடி விழுந்தது. 1949ல் பெரிய சுரங்கங்கள் நின்றன. ஆட்கள் கிளம்பினார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். 1930 கணக்கெடுப்பில் 4,281 பேர் இருந்த ஊரில் 1960ல் 1,366 பேர். பேய் ஊர்களின் பட்டியலில் இதையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களைச் செத்தவர் கணக்கில் எழுதினால் எப்படி இருந்திருக்கும்!

மிஞ்சிய கம்பெனிகள் 1953ல் ஒன்றாகி யுனைடெட் பார்க் சிட்டி மைன்ஸ் ஆயின. கையில் இருந்தது என்ன? ஆயிரக்கணக்கான ஏக்கர் மலை, உள்ளே தேன்கூடு மாதிரி குடைந்த பாதைகள், இயந்திரங்கள், அவற்றை ஓட்டத் தெரிந்த கொஞ்சம் ஆட்கள், வருடா வருடம் பல அடிக்குக் கொட்டும் பனி. பனியில் சறுக்குவது ஊருக்குப் புதிதல்ல. 1936லேயே சால்ட் லேக்கிலிருந்து சறுக்குக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரயில் வந்திருக்கிறது. 1946 குளிர்காலத்தில் உள்ளூர்க்காரர்களான ஓட்டோ கார்பெண்டரும் பாப் பர்ன்ஸும் காட்டு மரங்களையும் பழைய சுரங்கச் சாமான்களையும் வைத்துத் தாங்களே ஒரு லிஃப்ட் கட்டியிருக்கிறார்கள். ஸ்னோ பார்க் என்று பெயர். இன்றைய டீர் வேலியின் அடிவாரம் அதே இடம்தான்.

சுரங்கக் கம்பெனி துணிந்து இறங்கியது 1963ல். நலிந்த ஊர்களைத் தூக்கிவிட கென்னடி அரசு ஒரு கடன் திட்டம் வைத்திருந்தது. அதிலிருந்து சுமார் 12.5 லட்சம் டாலர் கடன் கிடைத்தது. 1963 டிசம்பர் 21ல் ட்ரெஷர் மவுன்டன்ஸ் என்ற பெயரில் ரிசார்ட் திறந்தது. வடத்தில் தொங்கும் மூடிய பெட்டிகளில் ஆட்களை ஏற்றும் கோண்டோலா, அப்போது அமெரிக்காவிலேயே நீளமானது. அதற்குக் கம்பம் நட்டவர்களும் வடம் இழுத்தவர்களும் இதே ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள். வடமும் கப்பியும் மோட்டாரும் அவர்கள் அன்றாடம் புழங்கிய சாமான்கள்தானே. தரைக்குக் கீழே ஓட்டியதைத் தரைக்கு மேலே ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

இப்போது அருங்காட்சியகத்தில் பார்த்த அந்த ரயில் பெட்டிக்கு வருகிறேன்.

1916ல் சாலன் ஸ்பிரோ என்பவர் மலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து ஒரு சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கினார். உள்ளே பெரிய வெள்ளி நாளம் இருக்கும் என்ற நம்பிக்கை. மூன்று மைல் நெருங்கும் அளவுக்கு மலைக்குள் போயிற்று. செலவு தாங்காமல் கடைசியில் அவருடைய கம்பெனி சில்வர் கிங் கையில் போய்விட்டது. அந்தப் பாதையை 1965ல் ரிசார்ட்காரர்கள் நினைத்துப் பார்த்தார்கள். சறுக்குக்காரர்களை மலைமேல் கொண்டுபோக இன்னொரு லிஃப்ட் கட்டுவானேன், மலைக்குள்ளேயே பாதை இருக்கிறதே!

அப்படித்தான் உலகில் வேறெங்கும் கேள்விப்படாத அந்த ஏற்பாடு வந்தது. சறுக்குக்காரர்கள் ஸ்பிரோ பாதையின் வாயில் சுரங்க ரயிலில் ஏறுவார்கள். நான் பார்த்த பெட்டி அந்த ரயிலுடையதுதான். கும்மிருட்டில் மலையின் வயிற்றுக்குள் கிட்டத்தட்ட மூன்று மைல். மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பாதை முடிகிற இடத்தில் தேய்ன்ஸ் ஷாஃப்ட். அங்கே சுரங்கக் கேஜில் ஏறினால் 1,750 அடி நேர் மேலே. கதவைத் திறந்தால் வெயில், பனி, மலைச்சரிவு. பலகையை மாட்டிக்கொண்டு சறுக்கி இறங்கலாம். ஸ்கீயர் சப்வே என்றார்கள். ஈர உடுப்பு வெளிக்காற்றில் விறைத்துவிடும், வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு தடவை அனுபவத்துக்காகப் போனவர்கள் அடுத்த தடவை சாதாரண லிஃப்டுக்கே போய்விட்டார்கள். 1960களின் முடிவோடு நிறுத்திவிட்டார்கள்.

தோற்றுப்போன ஏற்பாடு என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா ஒவ்வொரு நாளும் கேஜில் இறங்கியவர். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே போகப் போகப் பாறை கொதிக்கும், காது அடைக்கும். அதே மாதிரி ஒரு கேஜில் விளையாட்டுக்காக ஆட்களை ஏற்றி, மேலே கொண்டுபோய் வெளிச்சத்தில் விட்டிருக்கிறார்கள். கேஜை இயக்கியவர்கள் அதற்கு முன்பு தொழிலாளர்களை இறக்கியவர்கள். அவர்களுக்கு அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்றே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேய்ன்ஸ் கட்டடம் இன்னும் மலையில் நிற்கிறது. சறுக்கத் தெரியாத எனக்கு அங்கே போக வழியில்லை. அண்ணன் மகள் என்றாலும் தம்பி மகள் என்றாலும் அத்தைக்காக ஒரு காரியம் செய்யாமல் இருப்பாளா? "அத்தை, நான் போய் போட்டோ எடுத்துட்டு வரேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் வந்து காட்டினாள். பனிக்காட்டின் நடுவே சாம்பல் நிறத்தில் ஓங்கி நிற்கும் தகரக் கொட்டகை. அதன் பக்கத்திலேயே லிஃப்ட், அதற்கும் தேய்ன்ஸ் என்றே பெயர். தான் இரண்டு நாளாகச் சறுக்கிக்கொண்டிருக்கும் இடங்களின் பெயரை அவள் வரிசையாகச் சொன்னாள். பொனான்ஸா, சில்வர்லோட், மதர்லோட், கிங் கான், பேடே. பேடே என்றால் சம்பள நாள் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நான் சும்மா ஒரு பேர்னு நினைச்சேன் அத்தை" என்றாள்.

சாயங்காலம் மூவரும் ஸ்பிரோ பாதையின் வாய்க்கு அருகே போனோம். உள்ளே விடுவதில்லை. ஆனால் தண்ணீர் வருகிறது. ஸ்பிரோ தேடிய நாளம் அவருக்குக் கிடைக்கவில்லை, அவர் தோண்டிய பாதை வழியே வரும் ஊற்றுத் தண்ணீர் இன்று ஊருக்குக் குடிநீர். ஜட்ஜ் என்ற இன்னொரு சுரங்கப்பாதைத் தண்ணீரும் அப்படியே. பாறையிலிருந்து ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கரைந்து வருவதால் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அவற்றை நீக்கி விடுகிறார்கள். ஒரு காலத்தில் சுரங்கத்தை மூழ்கடிக்கப் பார்த்த தண்ணீர். அறைக்குத் திரும்பியதும் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பல் கூசும் சில்லென்ற நல்ல தண்ணீர்.

ஐந்தாம் நாள்

இன்று கிளம்புகிறோம். காலையில் ப்ராஸ்பெக்டர் என்ற பகுதியில் நடந்தேன். பழைய ரயில் பாதையை எடுத்துவிட்டு 28 மைலுக்கு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள், அது இங்கேதான் தொடங்குகிறது. வீடுகள், அலுவலகங்கள், சின்னக் கடைகள். இந்தத் தரையெல்லாம் அரவை ஆலைகள் கொட்டிய கழிவு மண். ஈயமும் ஆர்சனிக்கும் கலந்தது. 1980களில் இது பெரிய பிரச்சினையாகி, நகராட்சி ஒரு சட்டம் போட்டது. கழிவு மண்ணின் மேல் குறைந்தது ஆறு அங்குலம் நல்ல மண் போட்டு, புல்லோ செடியோ வளர்க்க வேண்டும். தோண்டினால் அனுமதி வேண்டும், தோண்டிய மண்ணை நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. இதைப் படித்தபோது எங்கள் ஊர் சயனைடு மேட்டில் நாங்கள் சறுக்கி விளையாடியது ஞாபகம் வந்தது. நல்ல மண் ஆறு அங்குலம். அது ஒன்றும் எட்டாத காரியம் இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சரி, எல்லாம் நன்றாகவே முடிந்த கதை இல்லை இது. ஒன்டாரியோவில் கடைசி வேலையும் 1982ல் நின்றது. அதற்கு முந்தின வருடம் டீர் வேலி திறந்தது, பணக்காரர்களுக்கான ரிசார்ட். 2002ல் குளிர்கால ஒலிம்பிக், 2034ல் மறுபடி வரப்போகிறது. மலையின் சொந்தக்காரர்களும் மாறினார்கள். 2011ல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தைச் சில நாள் தாமதமாகக் கொடுத்ததில் பார்க் சிட்டி ரிசார்ட்டை நடத்திய பவுடர் (Powdr) என்ற நிறுவனம் மலையையே இழந்தது. வழக்கு நடந்து, 2014ல் வேல் ரிசார்ட்ஸ் (Vail Resorts) என்ற நிறுவனம் அதை 18.25 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் பக்கத்து ரிசார்ட்டோடு சேர்த்து 7,300 ஏக்கர் ஆக்கினார்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரில் 8,396 பேர். ஆனால் இந்த ஊரில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இங்கே குடியிருக்க முடிவதில்லை. ஹீபர் பள்ளத்தாக்கிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் தினமும் வந்து போகிறார்கள். ஹோட்டலில் எங்கள் அறையைச் சுத்தம் செய்த அம்மாள் விடியற்காலை பஸ் பிடித்து வருவதாகச் சொன்னார். பெங்களூர் ரயில் கண்முன் வந்தது.

2024 டிசம்பர் 27ஆம் தேதி, வருடத்தில் மிகவும் கூட்டமான வாரத்தில், மலை ரோந்துப் பணியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்து வெடி வைத்துத் தணிப்பதும் அடிபட்டவர்களை இறக்குவதும் இவர்கள் வேலை. சுமார் 200 பேர். தொடக்கச் சம்பளம் மணிக்கு 21 டாலரை 23 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். மலையில் சிறு பகுதியைத்தான் திறக்க முடிந்தது, லிஃப்ட் வரிசைகளில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜனவரி 8ல் ஒப்பந்தமானது. 1919ல் இதே ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதும் கூலிக்காகத்தான். இந்த மலையில் வெடி வைக்கிறவர்கள் இன்னும் சங்கமாகவே இருக்கிறார்கள் என்று நினைத்தபோது, சிறைச் சுவரில் பார்த்த அந்தச் சின்னம் ஞாபகம் வந்தது.

கார் ஏறும் முன் அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். அங்கே ராத்திரி. டேலி வெஸ்ட் படத்தைக் காட்டியதும், "இது நம்ம ஷாஃப்ட் மாதிரியே இருக்கேடி" என்றார். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"மைன்ஸ் மூடினப்புறம் அங்க இருந்த ஜனங்க எங்க போனாங்க?"

"பாதிப் பேர் வேற மைன்ஸுக்குப் போயிட்டாங்கம்மா. கொஞ்சம் பேர் இருந்து லிஃப்ட் கட்டினாங்க, லிஃப்ட் ஓட்டினாங்க. அவங்க வீடெல்லாம் இப்ப வேற யார் யாரோ வாங்கிட்டாங்க."

"குழிக்குள்ள தண்ணி நிக்கலையா?"

"நிக்குது. அதைச் சுத்தம் பண்ணிக் குடிக்கிறாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சுரங்கங்களும் மூடியதிலிருந்து தண்ணீர் நிறைந்துதான் கிடக்கின்றன. மேலே தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும்.

"சுத்தம் பண்றதை எப்படிப் பண்றாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா" என்றார்.

தம்பி வண்டியைத் திருப்பினான். சுத்திகரிப்பு நிலையத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் சால்ட் லேக்குக்குப் போகிறோம்.